சொல் தெரிந்தும் வாய்க்கு வராதது ஏன்?

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் ஒரு சிறிய விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “ஆறு மாதமாக, நாளொன்றுக்கு 10 சொல் வீதம், ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு கொப்பியில் எழுதிப் பாடமாக்குகிறேன். 1700 சொற்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஆனால் வெளிநாட்டு விருந்தினர் எதிரே வந்து நின்று ஏதாவது கேட்டால் வாய் கட்டிப்போகிறது. இன்னும் எத்தனை சொற்கள் பாடமாக்க வேண்டும்? அதற்கு எந்தப் புத்தகம் நல்லது?” தம் கொப்பியின் முதற் பக்கத்திலிருந்து சில சொற்களையும் எழுதிக் காட்டியிருக்கிறார்: அபாண்டன், அபேட், அபோர், அபண்டன்ட்.

எண்ணிக்கையையும் புத்தகத்தையும் பற்றிய கேள்வியாக இது தோன்றினாலும், இவர் உண்மையில் கேட்பது வேறொன்று என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பாடமாக்கிய சொல், தேவைப்படும் நேரத்தில் ஏன் வருவதில்லை என்பதே அது. இதற்கு விடை கிடைத்தால் எத்தனை சொல், எந்தப் புத்தகம் என்பவற்றுக்கும் விடை தானாகவே கிடைத்துவிடும். ஆசிரியர் கலாசாலையில் ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெற்ற நான், 22 ஆண்டுகளாகத் திருகோணமலையில் பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கே கற்பித்து வருகிறேன். விடுதிப் பணியாளர்கள், புறாத்தீவுக்குப் படகு ஓட்டுபவர்கள், வெளிநாட்டு வேலைக்கு ஆயத்தமாகும் தாதியர்கள், உயர்தரம் முடித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் பயந்திருக்கும் பிள்ளைகள் என்று பலரும் இதே குறையோடுதான் வருகிறார்கள். ஆகவே கீழே எழுதுவதில் ஆய்வுகளால் உறுதிப்பட்டவை எவை, என் வகுப்பறை அனுபவத்தில் மட்டும் கண்டவை எவை என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். ஆங்கில அகராதிகளில் இலட்சக்கணக்கான சொற்கள் இருந்தாலும், அவற்றில் மிகச் சிலவே திரும்பத் திரும்ப வருகின்றன. வங்காளத்தில், டாக்காவில், ஆங்கிலக் கல்வியில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்த மைக்கல் வெஸ்ட் என்பவர் 1953 இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 தலைச்சொற்கள் இருந்தன. சாதாரணமாக அச்சில் வரும் ஓர் ஆங்கிலப் பந்தியை எடுத்தால், அதிலுள்ள சொற்களில் ஐந்தில் நான்கு பங்கு இந்த 2000 சொற்குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். அன்றாடப் பேச்சில் அந்தப் பங்கு இன்னும் கூடும். சொற்குடும்பம் என்றால் டிசைட், டிசைடட், டிசிஷன் போன்ற உறவுச் சொற்களை ஒன்றாகக் கட்டி ஒன்றென எண்ணுவது. நியூசிலாந்தைச் சேர்ந்த போல் நேஷன் என்னும் ஆய்வாளர் 2006 இல் கணித்தபடி, நாவலையோ பத்திரிகையையோ அகராதியைத் தொடாமல் வாசிக்க 8000 முதல் 9000 வரையான சொற்குடும்பங்களும், பேச்சைத் தடையின்றிப் புரிந்துகொள்ள 6000 முதல் 7000 வரையும் வேண்டும். ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம் என்ற அளவை வைத்துக்கொண்டு செய்த கணக்கு அது.

இந்த எண்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. அவை பிறர் எழுதியதையும் பேசியதையும் விளங்கிக்கொள்வதற்கான எண்கள். நாம் பேசும்போது சொல்லைத் தெரிவு செய்பவர் நாமே என்பதால், கைவசமுள்ள சொற்களைக் கொண்டு சுற்றிவளைத்தாவது கருத்தைச் சொல்லிவிடலாம். அதற்கு மிகக் குறைவான சொற்களே போதும். நம் பாடசாலைகளில் மூன்றாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டுவரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்திருக்கிறது. ஆகவே நீங்கள் வெறுங்கையோடு தொடங்கவில்லை. ஆனால் நீங்கள் காட்டிய சொற்களைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அகர வரிசையில் ஒரு புத்தகத்தை முதலிலிருந்து பாடமாக்கிக்கொண்டு போகிறீர்கள். அபேட் (தணிதல்), அபோர் (வெறுத்தல்) என்பவற்றை விருந்தினர் ஒருவரிடம் சொல்ல வேண்டிய தேவை உங்களுக்கு ஆண்டில் ஒருமுறையேனும் வராது. குழாய் ஒழுகுகிறது, துவாய் மாற்ற வேண்டும், முற்பணம் திருப்பித் தருவீர்களா என்பவை நாள்தோறும் வரும். டாப், லீக், டவல், டிபொசிட், ரீஃபண்ட் ஆகியவை அந்தக் கொப்பியில் உள்ளனவா என்று பாருங்கள். அகர வரிசை என்பது சொல்லைத் தேடி எடுப்பதற்காக ஏற்பட்டது. படிப்பதற்கு அது எவ்வகையிலும் ஏற்ற வரிசை அன்று.

அடுத்தது, தெரிந்த சொல் வாய்க்கு வராத காரணம். ஆங்கிலச் சொல்லைக் கண்டு தமிழ்ப் பொருளை நினைவுகூர்வது ஒரு திறன். தமிழில் ஒன்றைச் சொல்ல நினைத்து ஆங்கிலச் சொல்லை வெளியே கொண்டுவருவது வேறொரு திறன். முன்னதைப் பழகினால் பின்னது தானாக வந்துவிடாது. நீங்கள் ஆறு மாதமாகப் பழகியது முன்னதை மட்டுமே. சொல்லைப் பத்துத் தடவை பார்த்தெழுதுவதால் அது மனத்தில் பதிந்துவிட்டது போன்ற உணர்வு வரும். ஆனால் அந்த நேரம் முழுவதும் சொல் கண்முன்னே இருந்ததால், அதை மனத்திலிருந்து தேடி எடுக்கும் வேலை ஒருமுறைகூட நடக்கவில்லை. கார்பிக்கி, ரோடிகர் என்னும் இரு உளவியலாளர்கள் 2008 இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்கு காட்டுகிறது. ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்னபின் அதை மீண்டும் வாசிக்க மட்டும் விடப்பட்டவர்கள், ஒரு வாரத்தின் பின் மூன்றில் ஒரு பங்கு அளவையே நினைவில் வைத்திருந்தார்கள். சரியாகச் சொன்ன பின்னரும் பார்க்காமல் சொல்லும்படி மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 80 வீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். இரு சாராரும் முதல் நாளில் ஒரேயளவுதான் கற்றிருந்தார்கள்.

ஆகவே கொப்பியின் ஆங்கிலப் பக்கத்தை மூடுங்கள். தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். வராவிட்டால் சில நொடி திணறுங்கள். அதன்பின் திறந்து பாருங்கள். அந்தத் திணறலே பயிற்சி. இதைக் கொப்பியைவிடச் சிறு அட்டைத் துண்டுகளில் செய்வது வசதி. செபஸ்டியன் லைட்னர் என்னும் ஜேர்மானியர் 1972 இல் எழுதிய முறை இன்றும் பயன்படுகிறது. மூன்று பழைய பிஸ்கட் பெட்டிகள் போதும். எல்லா அட்டைகளும் முதலாம் பெட்டியில் இருக்கும். அதை நாள்தோறும் எடுத்துப் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாம் பெட்டிக்குப் போகும். அதை மூன்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள். அங்கும் சரியென்றால் மூன்றாம் பெட்டிக்கு. அது வாரத்துக்கு ஒருமுறை. எங்கே தவறினாலும் அட்டை முதற் பெட்டிக்கே திரும்பிவிடும். இடைவெளி விட்டுப் பயில்வது ஒரே மூச்சில் பயில்வதைவிட நிலைக்கும் என்பது, எபிங்காஸ் என்பவர் 1885 இல் மறதியை அளந்து எழுதிய காலந்தொட்டுப் பலமுறை உறுதியான செய்தி. ஆனால் மூன்று நாளா, நான்கு நாளா என்பது உறுதியானதன்று. நான் சொன்ன நாட்கள் என் மாணவர்களுக்கு வசதியாக இருந்தவை, அவ்வளவே. ஒரு சொல்லை எத்தனை தடவை சந்தித்தால் அது நமதாகும் என்பதிலும் ஆய்வாளர்கள் ஒத்த கருத்துக்கு வரவில்லை. யாராவது ஒரே எண்ணை அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி, இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். அட்டையில் எழுத வேண்டியது தனிச்சொல்லை அன்று. நம் வீட்டுச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். அப்பத்தைச் சுடுகிறோம், புட்டை அவிக்கிறோம், கஞ்சியைக் காய்ச்சுகிறோம், தேத்தண்ணீரை ஊற்றுகிறோம். தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ஒருவர், ‘நான் புட்டுச் சுட்டேன், தேத்தண்ணீர் சமைத்தேன்’ என்று சொன்னால், சுடுதல், சமைத்தல் என்னும் சொற்களின் பொருள் அவருக்குச் சரியாகவே தெரிந்திருந்தும் அது தமிழாக இராது. எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நம் முன்னோர் இதற்கு மரபு என்று பெயரிட்டார்கள். தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளின் இளமைக்குப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை முதலான ஒன்பது பெயர்களைத் தந்து, எதற்கு எது உரியது என்று வகுத்துச் சொல்கிறது. பசுவுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு என்பதற்கு நாம் காரணம் கேட்பதில்லை. சேர்த்தே கேட்டோம், சேர்த்தே சொல்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறியலாம் என்னும் பொருள்பட ஜே. ஆர். ஃபேர்த் என்னும் மொழியியலாளர் 1957 இல் எழுதினார்.

எடுத்துக்காட்டாக, நாம் பலத்த மழை என்றும் பலத்த காற்று என்றும் இரண்டுக்கும் ஒரே அடைமொழியைத் தருகிறோம். ஆங்கிலத்தில் மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ரோங். சாயம் கூடிய தேத்தண்ணீரும் ஸ்ட்ரோங்தான். ஆனால் ஸ்ட்ரோங் ரெயின் என்று சொன்னால் விருந்தினருக்கு விளங்கினாலும், சொன்னது காதில் இடறும். மார்கழியில் கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, படகு விட முடியாது என்று சொல்ல வேண்டுமானால் அங்கே ஹெவியும் இல்லை, ஸ்ட்ரோங்கும் இல்லை. த சீ இஸ் ரஃப் என்பார்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை தருவது நம்முடைய ‘போடு’ என்னும் வினை. லைட்டைப் போடு, சட்டையைப் போடு, குளிசையைப் போடு, பூட்டைப் போடு, கையெழுத்தைப் போடு, சத்தம் போடாதே என்று ஒரே வினையால் எத்தனையோ வேலைகளைச் செய்துகொள்கிறோம். புட் என்றால் போடு என்று பாடமாக்கியவர் இவை எல்லாவற்றிலும் புட் என்பதைக் கொண்டுபோய் வைப்பார். ஆங்கிலத்தில் லைட்டுக்கு டேர்ன் ஒன், சட்டைக்கு புட் ஒன், குளிசைக்கு டேக், கதவுக்கு லொக், கையெழுத்துக்கு சைன், சத்தத்துக்கு மேக். ‘எடு’ என்பதும் அப்படியே. ‘நான் பிறகு உங்களுக்குக் கோல் எடுக்கிறேன்’ என்பது நம்மிடையே இயல்பான பேச்சு. அதை அப்படியே ஐ வில் டேக் அ கோல் என்றால், உங்களுக்கு வரும் அழைப்பு ஒன்றுக்குப் பதில் சொல்லப் போகிறீர்கள் என்றே விருந்தினர் எடுத்துக்கொள்வார். தம்மை நீங்கள் அழைப்பீர்கள் என்று காத்திருக்க மாட்டார். அங்கே சொல்ல வேண்டியது ஐ வில் கோல் யூ லேட்டர். இந்த ஆறேழு வினைகளின் சேர்க்கைகளை, அதாவது மேக், டூ, டேக், கெட், ஹேவ், புட், கிவ் என்பவை எவற்றோடு சேர்கின்றன என்பதை மூன்று மாதம் பயின்றால், புதிய சொல் ஒன்றும் கற்காமலே உங்கள் பேச்சு மாறிவிடும். இதற்கு என்னிடம் ஆய்வுச் சான்று கிடையாது. இத்தனை ஆண்டுகளாக வகுப்பில் கண்டதைச் சொல்கிறேன்.

லுக் ஆஃப்டர், லுக் ஃபோர், லுக் ஃபோர்வர்ட் டு போன்ற கூட்டுவினைகளைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். தமிழ் பேசுகிறவர் இதற்கு அஞ்சக் காரணமில்லை. பார் என்னும் வினையிலிருந்து பார்த்துக்கொள், தேடிப்பார், எதிர்பார் என்று நாமும் வெவ்வேறு பொருள்களைப் பெறுகிறோம். ‘பிள்ளையைப் பார்த்தேன்’ என்பதற்கும் ‘பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன்’ என்பதற்கும் உள்ள தூரம், லுக் அட் என்பதற்கும் லுக் ஆஃப்டர் என்பதற்கும் உள்ள தூரமே. நாம் துணைவினையைச் சேர்க்கிறோம். அவர்கள் பின்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்க்கிறார்கள். உங்கள் மேசைக்குத் தேவையானவை இருபதுக்கு மேல் இரா: செக் இன், செக் அவுட், ஃபில் இன், பிக் அப், ட்ரொப் ஒஃப், ரன் அவுட் ஒஃப் போன்றவை. இவற்றை ஒரே சொல்லாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் வைத்துப் பழகுங்கள்.

அன்றாடத் தொடர்களை நீங்கள் தனியாகக் கேட்கவில்லையெனினும், உங்கள் வேலையில் சொற்களைவிட அவையே முக்கியம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஓர் இளைஞர் நிலாவெளிப் பக்கத்து விடுதி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். காலையில் அறையைக் காலி செய்த வயதான பெண்மணி ஒருவர், இரவுதான் பேருந்து என்பதால், தம் பையை மேசையோரம் வைத்துவிட்டு, ‘டு யூ மைண்ட் இஃப் ஐ லீவ் மை பாக் ஹியர்?’ என்று கேட்டிருக்கிறார். மைண்ட் என்றால் மனம், லீவு என்றால் விடுமுறை, பாக் என்றால் பை. எல்லாம் தெரிந்த சொற்கள். இளைஞர் முகமலர்ச்சியோடு ‘யெஸ், யெஸ் மேடம்’ என்றார். அந்த அம்மா முகம் சுருங்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வெயிலில் போய் நின்றுவிட்டார். தான் என்ன பிழை செய்தோம் என்று விளங்காமல் அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்புக்கு வந்து என்னிடம் கேட்டபோது எனக்கே மனம் வருந்தியது. அந்தக் கேள்வியின் பொருள், ‘என் பையை இங்கே வைத்தால் உங்களுக்கு ஏதும் சிரமமா?’ என்பது. யெஸ் என்றால் ஆம், சிரமம்தான் என்றாகிவிடுகிறது. நோ, நொட் அட் ஓல் என்பதே ‘தாராளமாக வையுங்கள்’ என்பதற்கு உரிய விடை. இந்தத் தொடரைத் துண்டு துண்டாக வெட்டிப் பொருள் பார்த்தால் ஒருநாளும் இது கிடைக்காது. கேள்வியையும் விடையையும் ஒரே அட்டையில் சேர்த்து எழுதிப் பழக வேண்டும்.

மரியாதை பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் மரியாதை வினையின் முடிவிலேயே இருக்கிறது. தா, தாங்கோ, தருவீங்களோ என்று முடிவை மாற்றினாலே பணிவு வந்துவிடுகிறது. தயவுசெய்து என்று நாம் வீட்டில் சொல்வதே இல்லை. ஆங்கில வினைக்கு அந்த முடிவு கிடையாது. ஆகவே மனத்தில் மரியாதையோடு ‘கடவுச்சீட்டைத் தாங்கோ’ என்று நினைத்து, கிவ் மி யுவர் பாஸ்போர்ட் என்று சொல்கிறவர், கேட்பவருக்கு அதட்டுகிறவராகத் தெரிகிறார். குட் ஐ ஸீ யுவர் பாஸ்போர்ட், ப்ளீஸ் என்பதில் முன்னேயுள்ள குட் ஐ என்பதும் பின்னேயுள்ள ப்ளீஸ் என்பதும் சேர்ந்துதான் நம்முடைய அந்த ‘ங்கோ’. அதேபோல, இல்லை என்று சொல்ல நேரும்போது ஐ ஆம் அஃப்ரெய்ட் என்று தொடங்குவார்கள். அங்கே பயம் எதுவும் இல்லை. ‘குறை நினைக்க வேண்டாம்’ என்பதே அதன் பொருள். ஐ ஆம் அஃப்ரெய்ட் த ரூம் இஸ் நொட் ரெடி யெட் என்றால், அறை இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதைப் பணிவோடு சொன்னதாகும். பேச்சு விளங்காதபோது வட் என்று கேட்காமல், கேள்வி கேட்கும் தொனியில் ஸொரி என்று கேளுங்கள்.

நம் நாட்டுக்குள் வந்து பொருள் மாறிய ஆங்கிலச் சொற்களிலும் கவனம் வேண்டும். ஹோட்டல் என்றால் நமக்குச் சோற்றுக்கடையும் ஆகும்; விருந்தினருக்கு அது தங்குமிடம் மட்டுமே. பிளேன் டீ என்று நாம் சொல்வதை அவர்கள் பிளாக் டீ என்பார்கள். பெற்றோல் ஷெட் என்பதில் ஷெட் அவர்களுக்குத் தகரக் கொட்டகை. கரண்ட் போய்விட்டது என்பதை பவர் கட் என்று சொன்னால் உடனே விளங்கும். இவை பிழையான ஆங்கிலம் என்று வகுப்புகளில் பிள்ளைகளைக் கேலி செய்வதை நான் ஏற்பதில்லை. இலங்கையில் இருப்பவர் இன்னொரு இலங்கையரிடம் பேச இவை முற்றிலும் தகுதியானவை. யாரிடம் எதைப் பேசுவது என்று தெரிந்திருந்தால் போதும். நம் சொற்களும் அங்கே போய் மாறியிருக்கின்றன. கட்டுமரம் ஆங்கிலத்துக்குள் நுழைந்து கட்டமரான் ஆகி, இன்று இரட்டை உடல் கொண்ட பாய்க்கப்பலையும் விசைப்படகையும் குறிக்கிறது. நம் மீனவரின் கட்டுமரத்தைக் காட்டி அந்தச் சொல்லைச் சொன்னால் விருந்தினர் வேறொன்றை எதிர்பார்ப்பார்.

வேர்ச்சொல் கொண்டு சொற்களைப் பெருக்கும் வழியைப் பலர் பெரிதாகச் சொல்கிறார்கள். அதில் பயன் உண்டு, அளவும் உண்டு. சுமத்தல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், போர்ட்டபிள் ஆகியவை வந்தன என்று அறிந்தால் நான்கும் ஒருமித்து நினைவில் நிற்கும். ஆனால் பாஸ்போர்ட், எயார்போர்ட் என்பவற்றில் உள்ள போர்ட், துறைமுகம் என்னும் பொருளுள்ளது. வேரை வைத்துக் குருட்டுத்தனமாக ஊகித்தால் இப்படித்தான் வழி தவறும். தெரிந்த சொற்களை ஒன்றாகக் கட்டிவைக்க வேர் உதவும். தெரியாத சொல்லின் பொருளைத் தீர்மானிக்க அதை நம்பக்கூடாது. உங்களுக்கு இப்போது அது அவசரமும் இல்லை. இன்னொன்று: எதிர்ச்சொற்களையும் நெருங்கிய பொருளுள்ளவற்றையும் ஒரே நாளில் சோடியாகப் படிக்காதீர்கள். பொரோ, லெண்ட் இரண்டையும் ஒன்றாகப் படித்தவருக்குக் கடன் வாங்குவது எது, கொடுப்பது எது என்ற குழப்பம் ஆண்டுக்கணக்கில் தீராது. ஒன்றை நன்கு நிலைநிறுத்திவிட்டு, சில வாரம் கழித்து மற்றதைத் தொடுங்கள். ஆய்வுகளும் இதையே காட்டியிருக்கின்றன. ஆனால் நம் பாடநூல்களும் கொப்பிகளும் இன்றும் எதிர்ச்சொற்களைச் சோடி சோடியாகவே தருகின்றன.

அப்படியானால் எந்தச் சொற்களைப் படிப்பது என்று கேட்பீர்கள். அவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. சட்டைப்பையில் அடங்கும் சிறு கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டு வாரம், நீங்கள் சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமற்போன ஒவ்வொன்றையும் தமிழிலேயே, பேசுகிற தமிழிலேயே குறித்து வையுங்கள். ‘சுடுதண்ணி வரேல்லை எண்டு சொன்னவர்; இப்பவே ஆளை அனுப்புறன் எண்டு சொல்ல வரேல்லை.’ ‘கோணேசர் கோயிலுக்கு என்ன உடுப்போட போகலாம் எண்டு கேட்டவ.’ ‘கன்னியாய்க்குப் போற ஆட்டோவுக்கு எவ்வளவு, போய்வரக் காத்து நிப்பாங்களோ எண்டு கேட்டவை.’ இரண்டு வாரத்தில் முப்பது நாற்பது சேரும். அவற்றுக்குரிய ஆங்கில வாக்கியங்களைத் தேடி, தமிழ் ஒரு பக்கம், ஆங்கிலம் மறு பக்கமாக அட்டையில் எழுதுங்கள். முதலாவதற்கு, ஐ வில் சென்ட் சம்வன் ரைட் அவே. அந்த ஒரு வாக்கியத்திலிருந்து ரைட் அவே என்னும் தொடரும், சென்ட் சம்வன் என்னும் சேர்க்கையும் உங்களுக்குச் சொந்தமாகின்றன. நாளை மருத்துவரை அழைக்கவோ வாகனம் அனுப்பவோ அதே வாக்கியம் சிறு மாற்றத்தோடு கைகொடுக்கும். கைத்தொலைபேசி மொழிபெயர்ப்பு தரும் வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘கோல் எடுக்கிறேன்’ போன்ற நம் வழக்குகளை அது சில வேளை சொல்லுக்குச் சொல் மாற்றிவிடக்கூடும்.

புத்தகம் வாங்கத்தான் வேண்டுமென்றால், சொற்பட்டியல் புத்தகத்துக்குப் பதிலாக, கற்பவர்களுக்கென்று எழுதப்பட்ட ஆங்கில அகராதி ஒன்றை வாங்குங்கள். ஹோர்ன்பி என்னும் ஆங்கிலேயர் ஜப்பானிய மாணவர்களுக்குக் கற்பித்த அனுபவத்தைக் கொண்டு 1942 இல் தோக்கியோவில் அத்தகைய அகராதி ஒன்றை வெளியிட்டார். அதையே 1948 இல் ஒக்ஸ்ஃபோர்டு எடுத்து அச்சிட்டது. ஆங்கிலேயருக்கென்று எழுதிய அகராதிகள் பொருளை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். இவ்வகை அகராதியோ ஒரு சொல் எதோடு சேரும், எந்த அமைப்பில் வரும் என்பதை எடுத்துக்காட்டோடு சொல்லும். புதிய பதிப்பே வேண்டுமென்பதில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் பதிப்பும் உங்கள் தேவைக்குப் போதும். தொடக்கத்தில் தமிழ்ப் பொருளை எழுதிக்கொள்வதில் தவறேதும் இல்லை. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே படிக்க வேண்டும் என்று சில வகுப்புகளில் சொல்வார்கள். தொடக்க நிலையில் உள்ளவருக்குத் தாய்மொழிப் பொருளே விரைவாகவும் தெளிவாகவும் விளக்கும்.

நான் இங்கே தொடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். உச்சரிப்பை எழுத்தால் கற்பிக்க இயலாது. மேலே தமிழ் எழுத்தில் நான் எழுதியிருக்கும் ஆங்கிலத்தை வாசித்தபடியே ஒலித்தால் சரியாக இராது. ஒவ்வொரு வாக்கியத்தையும் அகராதிச் செயலியிலோ காணொளியிலோ கேட்டு, கேட்டபடி சொல்லிப் பழகுங்கள். ஜேர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வருகிற விருந்தினருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான் என்பதால், அவர்களுடைய பேச்சும் புத்தக ஆங்கிலம் போல இராது. அதற்குக் காது பழகுவதற்குத் தனியாகக் காலம் வேண்டும். எத்தனை மாதத்தில் சரளமாகப் பேசலாம் என்று ஒரு கணக்கை என்னால் தர இயலாது. ஒரே வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் ஒரு பருவத்திலேயே பேசத் தொடங்கியதையும், இன்னொருவர் இரண்டு ஆண்டு எடுத்ததையும் கண்டிருக்கிறேன். வேகமாகப் பேசத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் கூடுதலாகப் படித்தவர்கள் அல்லர். நாள்தோறும் யாரிடமாவது வாய் திறந்தவர்கள்.

அந்த 1700 சொல் கொப்பியை எறிந்துவிட வேண்டாம். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை உங்கள் மேசையில் ஆள் கூட்டம் இருக்கும். அந்தக் காலத்தில் சட்டைப்பைக் கொப்பியை நிரப்புவதே படிப்பு. வாடைக் காற்றும் மழையும் தொடங்கி விடுதி வெறிச்சோடும் மாதங்களில் பெரிய கொப்பியை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே, விருந்தினரிடம் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல முடியுமா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் அந்த வாக்கியத்தை அட்டைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள்.